ஒருக்களித்து வாழும் நாக்கு மீன்

சந்தையில் கருவாட்டுக் கூறுகளுக்கிடையே, ஒரு சாணுக்கும் குறைவான நீளத்தில், மாவிலை போல் தட்டையாகக் கிடக்கும் நாக்கு மீனைப் பார்த்திருப்பீர்கள். இதை இடித்துக் கோழித் தீவனத்தில் கலப்பவர்களும் உண்டு. அப்படிக் கலக்கும் முன் இம்மீனைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது.

நாக்கு மீனில் பல வகைகள் உள்ளன. அவற்றுள் ஏராளமாகப் பிடிபடுவது கேரள, கர்நாடகக் கடலோரங்களில் கிடைக்கும் மலபார் நாக்கு மீன் ஆகும். மலையாளத்தில் இதை 'மாந்தள்' என்பர்.

உருவம்

இதன் இரு கண்களும் உடலின் இடப்பக்கத்திலேயே இருக்கும். அப்பக்கம் பழுப்பு நிறம். தரையில் படியும் மறுபக்கம் வெண்மை. வாய் கொக்கி போல் வளைந்திருக்கும். முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் வாலுடன் இணைந்து, உடலைச் சுற்றிக் கரை கட்டியது போல் தோன்றும்.

பிறவியிலேயே இது இப்படி இருப்பதில்லை. முட்டையிலிருந்து வரும் குஞ்சு, பக்கத்துக்கு ஒரு கண்ணுடன் மற்ற மீன்களைப் போல நிமிர்ந்தே நீந்தும். வளர வளர வலக்கண் மெல்ல நகர்ந்து இடப்பக்கம் வந்துவிடும். பிறகு மீன் கடலடியில் ஒருக்களித்துப் படுத்து வாழத் தொடங்கும்.

பழக்கம்

ஆழம் குறைந்த சேற்றுத் தரையில் பதுங்கியிருந்து, மண்புழுவுக்கு உறவான கடற்புழுக்களையும் இறால் இனச் சிற்றுயிர்களையும் தின்னும். தென்மேற்குப் பருவமழையின்போது கரையோரத்தை விட்டு விலகி, மழை ஓய்ந்ததும் பெருங்கூட்டமாகத் திரும்பும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மிகுதியாகக் கிடைக்கும்.

1950களில் இம்மீனை ஆராய்ந்த சேஷப்பா, பீமாச்சார் ஆகிய விஞ்ஞானிகள் இதன் செதில்களில் வளையங்களைக் கண்டனர். மழைக்காலத்தில் இரை குறைவதால் அவை உண்டாகின்றன. மரத்தின் வளையங்களைப் போல, மீனின் வயதை இவை காட்டும்.

கோழிகளுக்குக் கொடுக்கும்போது

உடல் மெல்லியதாகையால் இம்மீனைப் பிளக்காமல் முழுதாகவே உலர்த்தலாம். ஆனால் மணலில் உலர்த்திய மீனில் மணல் ஒட்டியிருக்கும். ஒரு பிடியை நீரில் அலசினால் அடியில் தங்கும் மணல் தெரிந்துவிடும். எடைக்குக் கொடுக்கும் காசு மணலுக்குப் போக வேண்டாம்.

உப்பிட்ட கருவாட்டைக் கோழிகளுக்குப் போடவே கூடாது. உப்பு மிகுந்தால் கோழிகள் ஓயாமல் நீர் குடிக்கும், நீராகக் கழியும். குஞ்சுகள் இறந்தும் போகும். நுனி நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பில்லாத மீனையே வாங்குங்கள். பூசணம் பிடித்ததையும் தவிர்க்கவும்.

100 கிலோ தீவனத்தில் மீன்தூள் 10 கிலோவுக்கு மேல் வேண்டாம். மிஞ்சினால் முட்டையிலும் இறைச்சியிலும் மீன் வாடை வீசும்.