வீட்டுக்கே வரும் கல்லூரி

"பி.காம். இரண்டாவது வருஷத்தோட நின்னுபோச்சுங்க. கல்யாணம், அடுத்த வருஷமே குழந்தை. இனிமே படிச்சு என்ன ஆகப்போகுது?"

மாங்காட்டிலோ, பூந்தமல்லியிலோ, ஆவடியிலோ எந்தத் தெருவில் நின்று கேட்டாலும் இப்படிச் சொல்கிற சகோதரிகள் நாலு பேராவது இருப்பார்கள். காலையில் குமணன்சாவடிப் பக்கம் வரிசையாகப் போகும் கல்லூரி பஸ்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு அவர்கள் ஆசை முடிந்துவிடுகிறது. கைக்குழந்தையை விட்டுவிட்டு தினமும் பஸ் ஏறிப் போக முடியுமா? முடியாதுதான். ஆனால் கல்லூரியே வீட்டுக்கு வந்தால்?

வேடிக்கையாகச் சொல்லவில்லை. நம் கையில் இருக்கும் மொபைல் போனில் இன்று கல்லூரிப் பாடங்களே வருகின்றன. எது நல்லது, எது ஏமாற்று என்று தெரிந்துகொண்டால் போதும்.

தபாலில் வந்த படிப்பு

வீட்டிலிருந்து படிப்பது நமக்குப் புதிதல்ல. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லும் தபால் வழிக் கல்வியைத் தொடங்கின. புத்தகக் கட்டு தபாலில் வரும். நாமே படித்துப் பரீட்சை எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடையாது. அப்படியும் எத்தனையோ பெண்கள் பட்டம் வாங்கினார்கள்!

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. உலகெங்கும் உள்ள தமிழர்கள் தமிழ் படிப்பதற்காக 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் சென்னையில் தொடங்கியது. இதற்குத் திட்டம் வகுத்து வழிகாட்டியவர் டாக்டர் வா.செ. குழந்தைசாமி. அண்ணா பல்கலைக்கழகத்திலும் இந்திராகாந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தராக இருந்தவர். இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. வெளிநாட்டில் பிறந்த பேரக் குழந்தைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க நினைக்கும் பாட்டிமார்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம்.

2003-ல் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 'என்.பி.டெல்' என்ற திட்டத்தை ஆரம்பித்தன. ஐ.ஐ.டி. பேராசிரியர் நடத்தும் பாடத்தைப் படம் பிடித்து, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்கள். 2014-லிருந்து வாராவாரம் வீட்டுப்பாடம், கடைசியில் பரீட்சை, சான்றிதழ் எல்லாம் சேர்ந்தன. 2017 ஜூலை 9 அன்று 'ஸ்வயம்' தொடங்கியது. பல பல்கலைக்கழகங்களின் பாடங்களை ஒரே இடத்தில் தருவது இது. கூடவே 'ஸ்வயம் பிரபா' என்று 32 டி.வி. சானல்களும் வந்தன, பிறகு அவை இன்னும் பெருகின. இன்டர்நெட் இல்லாத வீட்டிலும் பாடம் கேட்கலாம். ஒரே பாடத்தை ஒரு நாளில் பல தடவை திரும்பப் போடுவதால், சமையல் வேளையில் விட்டதை மத்தியானம் பிடித்துக்கொள்ளலாம்!

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எல்லாக் கல்லூரிகளும் போனுக்குள் புகுந்துகொண்டன. ஒரே போனை அண்ணனும் தங்கையும் பங்கு போட்டுக்கொண்டதை நாம் மறக்கவில்லை. 2021-ன் தொடக்கத்தில் தமிழக அரசு சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நான்கு மாதங்களுக்கு, தினம் 2 ஜி.பி. டேட்டா இலவசமாகக் கொடுத்ததே, அந்தத் தட்டுப்பாட்டைப் போக்கத்தான்.

நமக்கு எது பொருந்தும்?

*கம்ப்யூட்டரே தெரியாதவர்களுக்கு:* பம்பாய் ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்'. ஒவ்வொரு பாடமும் சுமார் பத்து நிமிஷம். கணக்கு எழுதுவது, கடிதம் தயாரிப்பது போன்றவற்றைத் தமிழ்க் குரலிலேயே கேட்டுக் கற்கலாம். தாய்ப்பால் கொடுக்கும் முறை, குழந்தைக்கு இணை உணவு என்று இளந்தாய்மார்களுக்கான பாடங்களும் இதிலேயே உண்டு.

*ஒரு பாடம் மட்டும் படித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு:* ஸ்வயம், என்.பி.டெல். பாடம் கேட்க ஒரு பைசா கிடையாது. சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். என்.பி.டெல் பாடங்களில் வீட்டுப்பாடத்துக்கு 25 மார்க், பரீட்சைக்கு 75 மார்க்.

*பட்டமே வேண்டும் என்கிறவர்களுக்கு:* 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சென்னை சைதாப்பேட்டையில் இருக்கிறது. கணக்கில் ஆர்வமும் ஆங்கிலப் பழக்கமும் இருந்தால், சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய டேட்டா சயன்ஸ் பட்டப்படிப்பு உண்டு. இதற்கு ஜே.இ.இ. எழுதியிருக்க வேண்டியதில்லை; வயது வரம்பும் இல்லை. நாலு வாரப் பாடம் நடத்தி, அதிலேயே ஒரு தகுதித் தேர்வு வைக்கிறார்கள். பாதியில் நிறுத்த நேர்ந்தால், முடித்த நிலைக்குரிய சான்றிதழோ டிப்ளமாவோ கிடைக்கும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் இருக்கிறது.

"எனக்கு எங்கே நேரம்?"

நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போமா? என்.பி.டெல்லில் 12 வாரப் பாடம் என்பது மொத்தம் 30 மணி நேரம். வாரத்துக்கு இரண்டரை மணி. அதாவது ஐந்து நாள், தினம் அரை மணி. ஒரு டி.வி. சீரியல் நேரம்தான்! வீட்டுப்பாடத்துக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமையில் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஓர் உண்மையை மறைக்கக்கூடாது. இப்படிச் சேர்கிறவர்களில் பெரும்பாலோர் முடிப்பதில்லை. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய இணையப் பாடங்களை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்ட கணக்கில், சேர்ந்தவர்களில் நூற்றுக்கு நாலு பேர்கூட முடிக்கவில்லை. இலவசமாகக் கிடைப்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது மனித சுபாவம்.

மாங்காடு காமாட்சியம்மன் கோயிலுக்கு எலுமிச்சம்பழத்தோடு ஆறு வாரம் விடாமல் வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மழையானாலும் வெயிலானாலும் ஒரு வாரம் தவறமாட்டார்கள். அந்த விடாப்பிடி படிப்பிலும் இருந்தால் போதும். முதலில் 4 வாரப் பாடம் ஒன்றை எடுங்கள். அது ஆறு வாரத்துக்கும் குறைவுதானே! தனியாகச் சேராமல் பக்கத்து வீட்டு அக்காவையோ நாத்தனாரையோ கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். "இந்த வாரம் பாடம் கேட்டாச்சா?" என்று கேட்க ஓர் ஆள் இருந்தாலே பாதி வெற்றி.

இன்னொன்று: சும்மா பார்த்துக்கொண்டே இருந்தால் படம் பார்த்த மாதிரி மறந்துபோகும். பாடம் முடிந்ததும் போனை மூடிவிட்டு, நினைவுக்கு வருவதை ஒரு நோட்டில் எழுதுங்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, மூடிவைத்து நினைவுகூர்ந்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்தும் பாடம் அதிகம் நினைவிருந்தது என்று 2006-ல் அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி சொல்கிறது.

ஏமாறாதீர்கள்

"ஆறே மாதத்தில் பட்டம், பரீட்சை கிடையாது" என்று போனில் இனிக்க இனிக்கப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் பெயரில் தவணைக் கடனையும் எழுதி வாங்கிவிடுவார்கள். பணம் கட்டுமுன் செய்ய வேண்டியவை:

• பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகமும், நீங்கள் சேரப்போகும் அதே படிப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், அந்தப் பட்டம் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம்.

• இஞ்சினீயரிங், மருத்துவம், நர்சிங், சட்டம் போன்றவற்றைத் தொலைதூரக் கல்வியில் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள். அதற்கு அனுமதி கிடையாது.

• நடுவில் ஒரு கம்பெனி "நாங்களே பட்டம் தருவோம்" என்றால் நம்பாதீர்கள். இப்படிப்பட்ட ஏற்பாடு செல்லாது என்று மானியக் குழு 2022-லேயே எச்சரித்திருக்கிறது.

கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால்

"எந்நேரமும் போன்தான்!" என்று கோபிக்குமுன் ஒரு நிமிஷம். பட்டப்படிப்பில் ஒரு செமஸ்டருக்குரிய பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் மூலம் படிக்கலாம் என்று 2021-ல் விதி வந்திருக்கிறது. மகள் நிஜமாகவே படித்துக்கொண்டிருக்கலாம். "என்ன பாடம், எத்தனையாவது வாரம்?" என்று கேளுங்கள். பதில் வருகிற வேகத்திலேயே படிப்பா, விளையாட்டா என்று தாய்க்குத் தெரிந்துவிடும்!

கண்ணும் கழுத்தும் குழந்தையும்

படுத்துக்கொண்டு போன் பார்க்காதீர்கள். போனைக் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே சாய்த்து வைத்து, முதுகு சாய்ந்து உட்காருங்கள். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தள்ளி இருக்கும் மரத்தையோ மாடியையோ 20 விநாடி பாருங்கள். கண்ணை நன்றாகச் சிமிட்டுங்கள்.

குழந்தை தூங்கும்போது படிப்பதே நல்லது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது, 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. அம்மாவின் படிப்புக்காகக் குழந்தை திரைக்குப் பழகிவிடக் கூடாதல்லவா?

கடைசியாக, வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "தினம் அரை மணி எனக்கு வேணும். அப்போ குழந்தையைப் பார்த்துக்கணும்." இதைக் கேட்பதற்குத்தான் நாம் தயங்குகிறோம். பாடம் இலவசமாக வந்துவிட்டது. அந்த அரை மணியை மட்டும் வீட்டார்தான் தர வேண்டும். கேட்டுத்தான் பாருங்களேன்!