குழிக்குள் நின்று சண்டையிட்டவன்

ஜெர்மானிய வாள்வித்தை ஆசான் ஹான்ஸ் டால்ஹோஃபர் 1467-இல் உருவாக்கிய படச்சுவடியில் ஒரு சண்டை வருகிறது. ஆண் இடுப்பளவு குழிக்குள் நிற்கிறான், கையில் தடி. பெண் மேலே தரையில் நின்று, துணியில் முடிந்த கல்லைச் சுழற்றுகிறாள். சாட்சியால் தீராத வழக்கைச் சண்டையால் தீர்த்துக்கொண்ட காலம் அது. ஆணும் பெண்ணும் மோத நேர்ந்தால் ஆணின் நடமாட்டத்தைப் பறித்து ஈடுகட்டினார்கள். அதன்பிறகு வெற்றி யார் பக்கமும் சாயலாம்: ஒரு படத்தில் அவன் அவளைத் தலைகீழாகக் குழிக்குள் இழுத்துவிடுகிறான், இன்னொன்றில் அவள் அவன் கழுத்தைப் பிடித்து வெளியே இழுக்கிறாள்.

இடைக்கால ஐரோப்பாவை உள்ளபடி காட்ட முயலும் வீடியோ கேம்களுக்கும் இதே சிக்கல்தான். பெண் பாத்திரத்துக்கு எத்தகைய உடலைக் கொடுப்பது? முகத்தையும் குரலையும் மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விடுவது ஒரு வழி. மொத்த வலிமையில் கைவைப்பது இன்னொன்று. மேசையில் உட்கார்ந்து ஆடும் ‘அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1978-இல் பெண்களின் வலிமைக்கு ஆண்களைவிடத் தாழ்ந்த உச்சவரம்பு விதித்தது. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு அதை நீக்கியது. இரண்டு வழிகளிலும் உடலை யாரும் உற்றுப் பார்க்கவில்லை என்பதே என் குறை.

வேறுபாடு உண்மையானது; ஆனால் உடல் முழுக்க ஒரே அளவில் பரவியதல்ல. 468 பேரை அளந்து 2000-இல் வெளியான ஆய்வில் ஆண்களின் தசை சராசரியாக 33 கிலோ, பெண்களுடையது 21 கிலோ. இடைவெளி கால்களைவிடத் தோளிலும் கையிலும்தான் அதிகம். பிடிவலுவில் அது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஜெர்மனியில் 2007-இல் வெளியான ஆய்வில், 90 விழுக்காடு பெண்களின் பிடி, 95 விழுக்காடு ஆண்களின் பிடியைவிடத் தளர்வாக இருந்தது. தீவிரப் பயிற்சி பெற்ற வீராங்கனைகள்கூடச் சாதாரண ஆண்களின் நடுமட்டத்தை அரிதாகவே தாண்டினார்கள். பருவ வயதில் பெருகும் டெஸ்டோஸ்டிரோன் இதற்கு முக்கியக் காரணம்.

சரி, இந்த வலு சண்டையில் எங்கே செலவாகிறது? நீள்வாளின் எடை ஏறத்தாழ ஒன்றரை கிலோதான். கவசமில்லாத உடலை வெட்ட அதன் கூர்மையும் வேகமுமே போதும். இரு வாள்கள் உரசி நிற்கும்போது நெம்புகோல் கணக்கு வேலை செய்கிறது: கைப்பிடியை ஒட்டிய பகுதியில் தாங்குபவர், நுனியால் அழுத்தும் பலசாலியையும் தடுத்துவிடலாம். இன்றைக்குக் கிடைப்பவற்றில் மிகப் பழைய ஐரோப்பிய வாள்வித்தைச் சுவடி இங்கிலாந்தின் ராயல் ஆர்மரிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது. அதன் கடைசிப் பக்கங்களில் வால்புர்கிஸ் என்ற பெண் வாளும் சிறு கேடயமும் ஏந்திப் பாதிரியாருடன் பயிற்சி செய்கிறாள். குழி ஏதும் வெட்டப்படவில்லை.

முழுத்தகடு கவசம் வந்ததும் கதை மாறுகிறது. வாள்வெட்டு அதன்மேல் பலிக்காது. எதிரியைக் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்த்து, இடுக்குகளில் குத்துவாளை இறக்க வேண்டும். எடையும் தோள்வலுவும் முடிவைத் தீர்மானிக்கும் இடம் இதுதான். விளையாட்டும் இங்கேதான் வேறுபாட்டைக் காட்ட வேண்டும். கவசம் 20 முதல் 25 கிலோ வரை இருக்கும்; முழுக்கவசம் அணிந்து நடந்தால் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2011-இல் கண்டார்கள். ஆனால் நல்ல கவசம் அளவெடுத்துத் தட்டியது. சிறிய உடலுக்கு இரும்பும் குறைவு. எல்லாருக்கும் ஒரே எடையைச் சுமத்தும் கேம்கள் இதை மறந்துவிடுகின்றன.

வில்லில் வேறுபாடு மிகக் கடுமை. 1545-இல் மூழ்கிய ‘மேரி ரோஸ்’ கப்பலில் கிடைத்த விற்களை இழுக்க 45 முதல் 80 கிலோவுக்கு மேல்வரை விசை தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சிறுவயதிலிருந்து பழகாத ஆணுக்கும் அது வசப்படாது. ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’ விளையாட்டில் 1403-ஆம் ஆண்டுப் பொஹீமியாவின் கொல்லன் மகன் ஹென்றி, தொடக்கத்தில் ஆயுதத்தை ஒழுங்காகப் பிடிக்கவே தடுமாறுவான், பழகப் பழகத்தான் தேறுவான். எனக்கு அந்த விளையாட்டில் மிகப் பிடித்தது அதுதான்.

குறுக்குவில்லோ சுழல்பொறியால் நாணை ஏற்றக்கூடியது. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, மெலிந்த கையும் எஃகு வில்லை வளைத்துவிடும். அதற்கு நேரம் பிடிக்கும். அதுவரை பெரிய கேடயத்தின் மறைவில் குந்தியிருக்க வேண்டும், ஆணானாலும் பெண்ணானாலும்.