கிணற்றுத் தண்ணீர் அறிக்கையை வாசிப்பது எப்படி?

பொயிண்ட் குக்கில் புதிதாகக் குடியேறியுள்ள எம்மவர் குடும்பங்கள், விடுமுறைக்குக் கைக்குழந்தையுடன் ஊருக்குப் போவதுண்டு. போகுமுன் வீட்டுக் கிணற்று நீரைப் பரிசோதித்து அறிக்கை அனுப்பும்படி அம்மா அப்பாவிடம் கேட்கிறோம். அறிக்கை வந்ததும் இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ஆறுதலடைகிறோம். இதில் ஓர் ஆபத்து இருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல் நிலம். தோட்டத்திற்கு இடும் உரமும் மலசலகூடக் குழிகளின் கழிவும் நிலத்தடி நீரில் இலகுவாகக் கலந்து நைத்திரேற்றைக் கூட்டுகின்றன. அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் சின்னக் குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கலாம்; உதடும் நகமும் நீலம் பாரிக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அறிக்கையில் 15 என்று இருந்தால் பயமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்றிலுள்ள நைதரசனை மட்டுமே கணக்கிட்டு எழுதும். அப்படியானால் அதை 4.43 ஆல் பெருக்க வேண்டும். 15 × 4.43 = 66. எல்லை தாண்டிவிட்டது!

கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்பதும் தவறு. கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. மூன்று லீற்றர் நீர் வற்றி இரண்டு லீற்றர் ஆனால், 66 என்பது 99 ஆகிவிடும்.

அடுத்தது அலகு. ஒரு மில்லிகிராம் என்பது 1000 மைக்கிரோகிராம். ஒரு மைக்கிரோகிராம் 1000 நனோகிராம். அறிக்கையும் எல்லையும் ஒரே அலகில் இருந்தால்தான் ஒப்பிடலாம். சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரத்தை மறந்திருக்கமாட்டீர்கள். குடிநீரில் எண்ணெய்க்கு இலங்கைத் தரநிர்ணயம் 2013 இல் வைத்த எல்லை லீற்றருக்கு 0.2 மில்லிகிராம். அதாவது ஆயிரம் லீற்றர் தாங்கியில் ஒரு சில துளிகள்தான். கண்ணுக்குத் தெரியாத அந்த அளவை ஆய்வுகூடங்கள் அளந்து சொன்னபடியால்தான் மக்களின் முறைப்பாட்டுக்கு வலுக் கிடைத்தது. 2019 இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு வழங்க உத்தரவிட்டது.

இங்கேயும் இதே கணக்குத்தான். விமானத் தளங்களில் தீயணைப்பு நுரையில் பாவிக்கப்பட்ட பி.எவ்.ஓ.எஸ். என்ற இரசாயனத்திற்கு அவுஸ்திரேலியா 2025 இல் வைத்த குடிநீர் எல்லை லீற்றருக்கு 8 நனோகிராம். ஓர் ஒலிம்பிக் நீச்சல் தடாகம் நிறைந்த நீரில் ஓர் அரிசிமணியின் எடையளவு! எமது வீட்டுக் குழாய்க்கு வருவது இவ்விடத்து நிலத்தடி நீர் அல்ல. நீர் வழங்கும் கிரேற்றர் வெஸ்ரேர்ண் வோட்டர் ஆண்டுதோறும் தர அறிக்கை வெளியிடுகிறது. விளக்கம் வேண்டுமானால் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவை மூலம் தமிழிலேயே கேட்கலாம்.

ஆகவே, அடுத்த முறை ஊரிலிருந்து அறிக்கை வந்தால் மூன்றைக் கேளுங்கள்: எந்த அலகு? நைத்திரேற்றா, நைதரசனா? எப்போது எடுத்த நீர்? மாரிக்கும் கோடைக்கும் கிணறு மாறும். பதில் கிடைக்கும்வரை குழந்தையின் பாலுக்கு அந்த நீரைப் பாவிக்காதீர்கள்.