கரும்பூனைப் படை

மேல்சித்தாமூருக்கு அண்மையிலுள்ள செஞ்சியில், இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் குன்றுகள் மூன்றையும் ஒரே மதில் வளைத்து நிற்கும். 1690 முதல் 1698 வரை மொகலாயர் படை இம்மதிற்புறத்தே நின்று முற்றுகையிட்டது. இக்காலப் பயங்கரவாதியோ மக்களோடு மக்களாய்க் கலந்து, நகரின் நடுவே தோன்றுகின்றான். அவனை மதிலால் தடுத்தல் அரிது. ஆகவே, 1984-ஆம் ஆண்டில் நம் அரசு தேசியப் பாதுகாப்புப் படையை அமைத்தது. மக்கள் இதனைக் கரும்பூனைப் படை என வழங்குவர்.

தரைப்படையிலிருந்தும் காவற்படைகளிலிருந்தும் தேர்ந்த வீரர் சில ஆண்டுகளுக்கு இதன்கண் பணியாற்ற அனுப்பப்படுவர். எதிர்த்துத் தாக்கும் பிரிவில் இருப்போர் தரைப்படை வீரர். அவர்க்குத் துணைநிற்கும் பிரிவினர் காவற்படையினர். அரியானா மாநிலத்து மானேசரில் இவர்கள் கடும்பயிற்சி பெறுவர். கயிற்றைப் பற்றி இறங்குதல், வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்தல், இருளறையுட் புகுந்து பகைவனை மட்டும் சுடுதல் ஆகியன அப்பயிற்சியுட் சில. பிணையாக அகப்பட்டோர் உயிரைக் காத்தலே நோக்கமாதலின், சுடாது பொறுக்கவும் வீரர் கற்றல் வேண்டும்.

2008 நவம்பரில் மும்பை நகர் தாக்குண்டபோது, இப்படை தொலைவிலிருந்து வந்து சேரக் காலம் தாழ்ந்தது. அதனால் 2009-இல் சென்னை, மும்பை, கொல்கத்தா, ஐதராபாத் ஆகிய நகரங்களில் இதன் கிளைகள் நிறுவப்பெற்றன. இடுக்கண் நேர்ந்த இடத்தை உரிய காலத்தில் அடைதலும் படைச்சிறப்பின் ஓர் உறுப்பன்றோ!