கண் சிவப்பின் வேர் குடலில் இருக்கலாம்

சித்திரை வெயிலில் சேலம், நாமக்கல் பக்கம் ஒருவருக்குக் கண் சிவந்தால் 'மெட்ராஸ் ஐ', இல்லாவிட்டால் உடம்புச் சூடு. மலத்தில் ரத்தம் போனால் அது மூலச்சூடு. இரண்டும் ஒரே ஆளுக்கு வரும்போதுகூட இளநீரிலும் விளக்கெண்ணெயிலுமே மாதங்கள் கழிகின்றன. கவலைப்பட வேண்டிய இடம் அதுதான்.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், கிரோன் நோய் இரண்டிலும் நோய் எதிர்ப்பு ஆற்றலே தடம் மாறிக் குடலைப் புண்ணாக்குகிறது. அந்த அழற்சி மூட்டு, தோல், கண் வரைக்கும் போகும். கிரோன் நோய்க்குப் பெயர் தந்த நியூயார்க் மருத்துவர் பர்ரில் கிரோன், குடல்புண் நோயாளிகளின் கண் பாதிப்பை 1925-லேயே எழுதிவைத்தார்.

வெள்ளை விழியில் ஒரு பக்கம் சிவந்து லேசாக உறுத்துவது எபிஸ்கிளரைட்டிஸ். பார்வை கெடாது, குடல் தணிந்தால் பெரும்பாலும் இதுவும் தணியும். இமையோரம் செதில் கட்டி அரிப்பது பலருக்கும் வருவதுதான். வெதுவெதுப்பான ஒத்தடமும் இமைச் சுத்தமுமே பெரும்பாலும் போதும்.

பயப்பட வேண்டியது விழிக்குள் வரும் அழற்சியான யுவைட்டிஸ். மெட்ராஸ் ஐ என்றால் பீளை கட்டும், நீர் வடியும். இதில் பீளை இருக்காது. கண் வலிக்கும், வெளிச்சம் பட்டால் கூசும், பார்வை மங்கும். சிலருக்குச் சிவப்புகூடத் தெரியாது. ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்த்தால், ஓட்டு வீட்டுக்குள் விழும் வெயில் கீற்றில் தூசி மிதப்பதுபோல விழிக்குள் வெள்ளணுக்கள் மிதக்கும். விட்டுவிட்டால் கண்மணியின் விளிம்பு பின்னாலிருக்கும் லென்ஸோடு ஒட்டிக்கொள்ளலாம். அதனால்தான் ஸ்டீராய்டு சொட்டோடு கண்மணியை விரிக்கும் சொட்டும் தருகிறார்கள். இன்னொன்று: குடல் அமைதியாக இருக்கும்போதும் யுவைட்டிஸ் வரலாம்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு சட்டென்று குறையும், உண்மைதான். மாதக்கணக்கில் விட்டால் கண்புரையும் கண் அழுத்த நோயும் வரலாம். வலி மாத்திரைகளோ சிலருக்குக் குடல்புண்ணைக் கிளறிவிடும்.

லாரி ஓட்டுநருக்கு இடுப்பு வலி என்றால் சீட்டைக் குறை சொல்வார்கள். காலையில் எழும்போது விறைத்திருந்து, நடக்க நடக்க இளகும் வலி வேறு வகை; குடலோடு சேர்ந்து வரும் மூட்டு அழற்சியாக இருக்கலாம். வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, இந்த இடுப்பு வலி, கண் கூச்சம் மூன்றும் சேர்ந்தால் கண் டாக்டரிடம் வயிற்றுக் கதையையும் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

குடலுக்கும் கண்ணுக்கும் சேர்த்துப் பலன் தரும் ஊசிகள் இன்று உண்டு: அடலிமுமாப், இன்ஃப்ளிக்ஸிமாப். ஆனால் அவை உறங்கிக்கிடக்கும் காசநோயை எழுப்பிவிடலாம். போதாததற்குக் குடல் காசநோய் பார்வைக்குக் கிரோன் நோய் மாதிரியே இருக்கும்; காசநோயாலும் யுவைட்டிஸ் வரும். ஊசிக்கு முன்னால் மார்பு எக்ஸ்ரே, காசநோய்ப் பரிசோதனை, தேவைப்பட்டால் குடல் சதைப் பரிசோதனை என்று டாக்டர் வரிசையாக எழுதுவது அதற்காகத்தான்.