புளூடூத்: இணைக்கத் தெரிந்தால் போதுமா?

நான் சாப்ட்வேர் துறையில் பணியாற்றுவதால், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் பல சந்தேகங்களைக் கேட்பதுண்டு. அவற்றில் அடிக்கடி வருவது, "இந்த புளூடூத் என்பது என்ன? அதற்கு நெட் கனெக்ஷன் வேண்டுமா?" என்ற கேள்வி. வேண்டாம் என்பதே பதில். அருகருகே இருக்கும் இரண்டு சாதனங்கள் கேபிள் இல்லாமல் நேரடியாகப் பேசிக் கொள்ள உதவுவதுதான் புளூடூத். மவுஸ், கீ போர்ட், ஹெட்செட் எனத் தொடங்கி இன்று கார் வரை இது வந்துவிட்டது. இது எப்படிச் செயல்படுகிறது, இதில் எங்கே கவனம் தேவை என்று பார்ப்போம்.

பெயர் வந்த கதை

மொபைல் போனையும் அதன் துணைச் சாதனங்களையும் கேபிள் இல்லாமல் இணைக்கும் முயற்சியை, சுவீடன் நாட்டின் எரிக்சன் நிறுவனம் 1994ல் தொடங்கியது. 1998ல் எரிக்சன், நோக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து இதற்கென ஒரு குழுவை அமைத்தன. 10ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற மன்னரின் பட்டப் பெயர்தான் புளூடூத். பிரிந்து கிடந்த மக்களை ஒன்று சேர்த்தவர் என்று பெயர் பெற்றவர் அவர். வெவ்வேறு சாதனங்களை ஒன்று சேர்க்கும் தொழில்நுட்பத்திற்கு அவர் பெயரையே வைக்கலாம் என்று முன்மொழிந்தவர் இன்டெல் நிறுவனத்தின் ஜிம் கர்டாக்.

எப்படி இயங்குகிறது?

புளூடூத் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. வீட்டிலுள்ள வை-பியும் மைக்ரோவேவ் அடுப்பும் இதே பகுதியைத்தான் பயன்படுத்துகின்றன. அப்படியானால் ஒன்றோடு ஒன்று மோதாதா? மோதாமல் இருக்க ஒரு வழி உள்ளது. ஹெட்செட், கார் போன்றவற்றில் பயன்படும் வழக்கமான புளூடூத், இந்தப் பகுதியை 79 சேனல்களாகப் பிரித்துக் கொண்டு, ஒரு விநாடிக்கு 1600 முறை வரை சேனல் மாறி மாறிப் பேசுகிறது. எந்த வரிசையில் மாறுவது என்பது இணைந்த சாதனங்களுக்குத் தெரியும். 2003ல் வந்த 1.2 பதிப்பிலிருந்து, நெரிசலான சேனல்களை ஒதுக்கிவிடும் வசதியும் சேர்ந்தது.

இதற்கு மிகக் குறைந்த மின்சக்தியே போதும். நாம் பயன்படுத்தும் சாதனங்களில் பெரும்பாலானவை சுமார் 10 மீட்டர் தூரம் வரை நன்றாக வேலை செய்யும். இடையே சுவர் இருந்தால் தூரம் குறையும்.

பேரிங் என்றால் என்ன?

இரண்டு சாதனங்களை முதன்முறை அறிமுகம் செய்து வைப்பதுதான் பேரிங். விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ் சென்று, புளூடூத் அண்ட் டிவைசஸ் என்பதில் ஆட் டிவைஸ் என்பதைக் கிளிக் செய்திடவும். ஹெட்செட் பட்டியலில் வரவில்லையா? அது ஏற்கனவே உங்கள் போனுடன் இணைந்திருக்கலாம். போனில் புளூடூத்தை நிறுத்திவிட்டு, ஹெட்செட்டைப் பேரிங் நிலைக்குக் கொண்டு வந்து மீண்டும் முயற்சிக்கவும்.

முன்பெல்லாம் 0000 அல்லது 1234 என்று டைப் செய்ய வேண்டியிருந்தது. 2007ல் வந்த 2.1 பதிப்பு இதை மாற்றியது. இப்போது போனை லேப்டாப்புடனோ காருடனோ இணைத்தால், இரண்டு திரைகளிலும் ஓர் ஆறு இலக்க எண் தோன்றும். பலர் அதைப் பார்க்காமலேயே ஓகே தட்டிவிடுகிறார்கள். இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால்தான், நடுவில் வேறு எந்தச் சாதனமும் புகவில்லை என்று பொருள். எனவே ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே ஓகே கொடுங்கள்.

பேரிங் முடிந்ததும் இரண்டு சாதனங்களும் ஒரு ரகசியச் சாவியைத் தமக்குள் சேமித்துக் கொள்கின்றன. அடுத்த முறை எந்தக் கேள்வியும் இல்லாமல் தானாகவே இணைந்து கொள்வது இதனால்தான். நீங்கள் புளூடூத்தை ஆப் செய்தாலும் இந்தச் சாவி அழிவதில்லை.

காரில் நடப்பது என்ன?

புளூடூத்தில் ஒவ்வொரு வேலைக்கும் புரொபைல் எனப்படும் தனித்தனி விதிமுறை உண்டு. பேசுவதற்கு ஒன்று, பாட்டு கேட்பதற்கு ஒன்று. இவற்றோடு போன் புக் அக்சஸ் என்று இன்னொன்றும் உள்ளது. அழைப்பு வரும்போது காரின் திரையில் பெயர் தெரிகிறதே, அதற்கு இதுதான் காரணம். உங்கள் போனில் உள்ள பெயர்கள், எண்கள், யாருடன் எப்போது பேசினீர்கள் என்ற பட்டியல் ஆகியவற்றைக் கார் இதன் வழியாகப் பெறுகிறது. பல கார்களில் இவை காரின் மெமரியிலேயே தங்கிவிடுகின்றன. நீங்கள் இறங்கிப் போன பின்னும் அவை அங்கே இருக்கலாம்.

என் மாமா சென்ற ஆண்டு பழைய கார் ஒன்று வாங்கினார். அதில் அவருடைய போனை இணைத்துக் கொடுக்கப் போனேன். டிவைஸ் லிஸ்ட்டில் ஏற்கனவே நான்கு போன்கள் இருந்தன. நேவிகேஷனில் ஹோம் என்ற பெயரில் முந்தைய உரிமையாளரின் வீட்டு முகவரியும் அப்படியே இருந்தது. மாமாவின் கையில் போனதால் கவலையில்லை; எல்லாவற்றையும் அழித்துவிட்டோம். எல்லோரும் அப்படிச் செய்வார்கள் என்று சொல்ல முடியுமா? வாடகைக் கார்களில் இத்தகைய தகவல்கள் தங்கிவிடுவது பற்றி, அமெரிக்காவின் பெடரல் டிரேட் கமிஷன் 2016லேயே மக்களை எச்சரித்தது.

என்ன செய்ய வேண்டும்?

1. வாடகைக் காரிலோ டாக்சியிலோ சார்ஜ் ஏற்ற மட்டும் வேண்டுமென்றால், உங்கள் சொந்த சார்ஜரைப் பயன்படுத்துங்கள். போனை இணைக்க வேண்டாம்.

2. பாட்டு கேட்க மட்டும் இணைப்பதானால், காண்டாக்ட்ஸ் எடுக்க அனுமதி கேட்கும்போது மறுத்துவிடுங்கள். பாட்டு அப்போதும் கேட்கும்.

3. காரை விட்டு நிரந்தரமாகப் பிரியும்போது, காரின் டிவைஸ் லிஸ்ட்டிலும் உங்கள் போனிலும் பேரிங்கை நீக்குங்கள். போனில் மட்டும் நீக்கினால், காரில் உள்ள தகவல் போகாது.

4. காரை விற்கும் முன் பேக்டரி ரீசெட் செய்திடவும். நேவிகேஷன் முகவரிகளும் சேர்ந்து அழிந்தனவா என்று பார்க்கவும். போனையே சாவியாகப் பயன்படுத்தும் கார் என்றால், அந்த நிறுவனத்தின் ஆப்பிலிருந்தும் காரை நீக்க வேண்டும்.

5. லேப்டாப்பை விற்கும்போதும் அதிலுள்ள பேரிங் பட்டியலைக் காலி செய்யுங்கள்.

இவை அனைத்திற்கும் ஐந்து நிமிடம் கூட ஆகாது. இப்போதே உங்கள் போனில் புளூடூத் பட்டியலைத் திறந்து பாருங்கள். அதில் உங்களுக்கு அடையாளம் தெரியாத பெயர் ஏதேனும் இருந்தால், அங்கிருந்தே தொடங்கலாம்.