பிறந்த மாதத்து அட்டைப்படம்

ஒருவர் தாம் ஜனித்த மாதத்தில் கடைகளில் விற்பனைக்கு இருந்த சித்திரக்கதைப் புத்தகங்கள் எவையெவை என்று தேடிப்பிடித்து, அவற்றின் அட்டைகளையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்து, அவற்றுள் மனத்துக்கு உகந்த ஒன்றைத் தம் ஜன்மத்தோடு சேர்த்துப் பாராட்டிக்கொள்ளும் வழக்கமொன்று அமெரிக்க ரசிகர்களிடையே உண்டு. ஜன்ம நட்சத்திரத்துக்குப் பலன் பார்க்கிற நமக்கு இதில் விநோதமாகத் தோன்ற ஒன்றும் இல்லை.

அவர்களுக்கு இந்தத் தேடல் சுலபம். ஏனெனில் அநேகமாக ஒவ்வொரு பழைய புத்தகத்தின் முகப்பிலும் மாதம் அச்சாகியிருக்கும். ஆனால் அந்த மாதத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றிய 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் 1938 ஜூன் என்று போட்டிருந்தாலும், அது கடைக்கு வந்தது ஏப்ரல் மாதத்திலேயாம். அட்டையில் கண்ட மாதம் கழிந்துவிட்டால் கடைக்காரர் புத்தகத்தைப் பழையதென்று எடுத்துத் திருப்பியனுப்பிவிடுவார் என்பதனால், இன்னும் சில வாரங்கள் அது அலமாரியில் இருக்கட்டும் என்று பிரசுரகர்த்தர்கள் வருங்கால மாதத்தை அச்சிட்டு வைத்தார்கள். ஆகையால் 1938 ஏப்ரலில் பிறந்த ஒருவர், பச்சை நிற மோட்டார் வண்டியைத் தலைக்குமேல் தூக்கி நிற்கும் அந்தப் பிரசித்தமான அட்டையைத் தம்முடையதென்று கொண்டாட வேண்டுமானால், ஜூன் என்ற எழுத்தைக் கண்டு தயங்காமல் இருக்க வேண்டும். அவ்விதழின் நல்ல பிரதி ஒன்று 2024-இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று என்பதால், கொண்டாடுவதோடு நிறுத்திக்கொள்வதும் உத்தமம்.

தமிழர்களாகிய நாம் இந்த விளையாட்டில் இறங்கினால் யாருக்கு என்ன கிடைக்கும் என்று பார்க்கலாம். சற்று மூத்த தலைமுறையினருக்கு 'அம்புலிமாமா' இருக்கிறது. நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலிருந்து 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அந்த மாதப் பத்திரிகைக்கு எம்.டி.வி. ஆச்சார்யாவும் வட்டாதி பாபய்யாவும் தீட்டிய அட்டைகளில் இதிகாச புருஷர்களும் அரசகுமாரிகளும் நிறைந்திருப்பார்கள். தோளில் பிணமும் கையில் வாளுமாக விக்கிரமாதித்தன் நடக்கிற உள்பக்கச் சித்திரத்தை வரைந்த சங்கர் வந்து சேர்ந்தது 1950-களின் தொடக்கத்தில். அது கதைப் பத்திரிகையே தவிரக் காமிக்ஸ் ஆகாது என்று கறாரான அபிமானிகள் ஆட்சேபிக்கக்கூடும். 1950-களில் பிறந்தவர்களுக்கு வேறு கதி இல்லாதபடியால் அந்த ஆட்சேபத்தை நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை.

சித்திரக்கதை என்று தயக்கமின்றிச் சொல்லத்தக்க பிரசுரங்கள் பிற்பாடு வந்தன. டைம்ஸ் ஆப் இந்தியா நிறுவனத்தார் 1964 மார்ச்சில் 'இந்திரஜால் காமிக்ஸ்' வெளியிடத் தொடங்கினார்கள். சிவகாசியிலிருந்து சௌந்திரபாண்டியன் 1972 ஜனவரியில் 'இரும்புக்கை மாயாவி' என்ற கதையோடு 'முத்து காமிக்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, உலோகக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கிற அந்த நாயகன் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' பத்திரிகையில் பிறந்தவன் என்பது, அவனைச் சொந்தப் பிள்ளையாக வரித்துக்கொண்ட தமிழ்ச் சிறுவர்களில் அநேகருக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர்கள் அதை லட்சியம் செய்திருக்க மாட்டார்கள்.

பிறந்த மாதத்து அட்டையைத் தேடுவோரில் மிகுந்த பாக்கியசாலிகள் 1984 ஜூலையில் பிறந்தவர்கள் என்பது என் தீர்மானம். அந்த ஒரே மாதத்தில் இரண்டு தமிழ்க் காமிக்ஸ் பத்திரிகைகள் ஜனனமாயின. தினத்தந்தி குழுமத்தார் 'அழகியைத் தேடி' என்ற ஜேம்ஸ் பாண்ட் கதையோடு 'ராணி காமிக்ஸ்' இதழைத் தொடங்கினார்கள். சிவகாசியில், சௌந்திரபாண்டியனின் குமாரர் விஜயன், இன்னும் பதின்ம வயதைத் தாண்டாத பிராயத்தில், 'கத்தி முனையில் மாடஸ்டி' என்ற கதையோடு 'லயன் காமிக்ஸ்' இதழைத் தொடங்கினார். அவ்வாண்டு ஆடி அமாவாசை ஜூலை 28-இல் வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்து எங்கள் குழித்துறையில் ஆற்றங்கரையில் பிதிர்களுக்குப் பலியிட்டுவிட்டு, நகராட்சியின் வாவுபலிப் பொருட்காட்சியில் நாற்றும் செடியும் விலைபேசிக்கொண்டு ஜனங்கள் திரிகிற காலம் அது. அந்தச் சந்தடியில் ஆஸ்பத்திரியில் பிறந்த எந்தக் குழந்தையும், தன்னோடுகூடவே இரண்டு சித்திரக்கதைப் பத்திரிகைகளும் பிறந்திருப்பதை அறிந்திராது.

இந்த இரண்டு முதல் இதழ்களிலும் கவனிக்கத்தக்க விசேஷம் ஒன்று உண்டு. பாண்ட் சித்திரக்கதை 1958-இல் லண்டன் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழிலும், பீட்டர் ஓ'டொனல் எழுத ஜிம் ஹோல்டவே வரைந்த மாடஸ்டி 1963-இல் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' நாளிதழிலும் தொடங்கியவை. தினம் இரண்டு மூன்று கட்டங்கள் என்ற கணக்கில் செய்தித்தாளின் மூலையில் கறுப்பு வெள்ளையில் வந்த தொடர்களுக்கு அட்டை என்பதே கிடையாது. எனவே சென்னையிலும் சிவகாசியிலும் அவற்றைப் புத்தகமாக்க முற்பட்டவர்கள், கதையை வெளிநாட்டிலிருந்து தருவித்துக்கொண்ட போதிலும், முகப்புக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. வெளிநாட்டுத் திரைப்பட விளம்பரங்களின் சாயலும் நாவல் அட்டைகளின் சாயலும் அக்காலத்து முகப்புகளில் தென்படுவதுண்டு. அதற்காக அவற்றை வெறும் நகல் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. கதை அயலூர்ச் சரக்கு. அதற்கு வாய்த்த முகமோ நம்மூர் ஓவியரின் கைவேலை. லயன், முத்து இதழ்களுக்குப் பல்லாண்டு காலம் அட்டை தீட்டிய மாலையப்பன் போன்றவர்களின் பெயர்கள், அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக்கூடச் சரிவரத் தெரியாமல் போயின.

அந்த வேலை நடந்த விதத்தைச் சற்றே விவரிக்க வேண்டும். ஓவியர் அச்சாகப் போகும் அளவைக் காட்டிலும் பெரிய தடித்த தாளில், போஸ்டர் வர்ணம் கொண்டு படத்தைத் தீட்டுவார். தலைப்பு எழுத்துகளுக்கு இடம் விட்டுவைக்க வேண்டுமாதலால், நாயகனின் தலைக்கு மேலே வானமோ புகையோ தாராளமாக இருக்கும். அச்சகத்தில் அதை வர்ண வடிகட்டிகளின் வழியே நான்கு முறை படம்பிடித்து, மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நான்கு நெகட்டிவ்களாகப் பிரித்து, நான்கு தகடுகள் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடுவார்கள். தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அச்சிட்டுத் தேர்ந்த சிவகாசிக்கு இது பழகின தொழில். ஆனாலும் மலிவு விலைப் புத்தகத்துக்கு ஓடுகிற ஓட்டத்தில் தகடு ஒரு நூலளவு விலகிவிட்டால், நாயகியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் ஏறி நிற்கும். துப்பாக்கிக்கு இரண்டு விளிம்புகள் முளைக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், சருமத்தின் நிறம் மஞ்சள் புள்ளிகளும் சிவப்புப் புள்ளிகளுமாகக் கலைந்து தெரியும். உள்ளே புரட்டினாலோ கறுப்பு வெள்ளை, மிஞ்சினால் இரண்டு வர்ணம். புத்தகத்தின் வர்ணச் செலவு முழுவதையும் அந்த ஒரு தாளே சாப்பிட்டுவிட்டது. கடையில் கயிற்றில் தொங்கும்போது சிறுவனின் கண்ணை இழுக்க வேண்டிய பொறுப்பு அதனுடையதல்லவா?

அக்காலத்தில் குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்துக் கடைகளில், கண்ணை இழுக்கும் அந்தப் போட்டி இன்னும் பலமாக இருந்தது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்த பிரதேசமாகையால், தமிழ்ப் பத்திரிகைகளுக்கு அருகிலேயே மலையாளத்துப் 'பாலரமா'வும் 'பூம்பாற்றா'வும் இருக்கும். எண்பதுகளில் பூம்பாற்றாவை வெளியிட்ட எறணாகுளத்துப் பைக்கோ நிறுவனத்தார், வாண்டுமாமாவை ஆசிரியராக அமர்த்தித் தமிழில் 'பூந்தளிர்' இதழையும் நடத்தினார்கள். குரங்கு கபீஷ் இரண்டு பாஷைகளிலும் வாலை நீட்டிக்கொண்டிருந்தான். ஆகவே எங்கள் தாலுகாவில் பிறந்த ஒருவர் தம் மாதத்து அட்டையைத் தேடும்போது, இரண்டு மொழிகளிலும் தேடுவதே முறை. இந்தச் சலுகை மதுரைக்காரருக்குக் கிடையாது.

தேடுவதில் சில சங்கடங்கள் உண்டு. புகழ்பெற்ற மாயாவி கதைகள் மறுபதிப்பாக வேறு வேறு அட்டைகளோடு வந்திருக்கின்றன. கையில் கிடைத்தது முதற்பதிப்பா என்று உள்பக்கத்து வெளியீட்டு எண்ணையும் விலையையும் கொண்டே நிதானிக்க வேண்டும். அதைவிடப் பெரிய சங்கடம், அட்டையே அகப்படாமை. நடு முதுகில் இரண்டு கம்பிகள் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தில், கம்பி துருவேறியதும் முதலில் கழன்று போவது அட்டைதான். வாடகை நூலகத்தார் அதன்மேல் ரப்பர் முத்திரை குத்தி, முதுகில் பழுப்புத் தாள் ஒட்டினார்கள்; கைமாற்றிப் படித்த நண்பர்கள் மூலையைக் கிழித்தார்கள். இவற்றுக்கெல்லாம் தப்பியவற்றை, இடவப்பாதியும் துலாவர்ஷமுமாக ஆண்டில் இரண்டு மழைக்காலம் காண்கிற எங்கள் சீமையில், பூஞ்சையும் சிதலும் பார்த்துக்கொண்டன.

ராணி காமிக்ஸ் 500 இதழ்கள் கண்டு நின்றுபோயிற்று. லயனும் முத்துவும் ஓர் இடைவெளிக்குப் பின் 2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி 'கம்பேக் ஸ்பெஷல்' என்ற இதழோடு புத்துயிர் பெற்று, பளபளப்பான தாளில் முழு வர்ணத்திலும் வந்துகொண்டிருக்கின்றன. ஐரோப்பிய மூலப் பிரசுரத்தின் முகப்பே அப்படியே தமிழ் இதழுக்கும் அமைந்துவிடுவது இப்போது சாதாரணம். அச்சின் தரத்தில் பழையவை இவற்றின் அருகில் நிற்க முடியாது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பிறந்த மாதத்து அட்டையென்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பாரிஸிலும் மிலானிலும் அதே முகத்தோடு விற்ற புத்தகத்தைக் காட்டிலும், உதட்டுச் சிவப்பு விலகியிருந்தாலும் சிவகாசியைத் தவிர வேறெங்கும் பிறந்திராத ஒன்றையே நான் எடுப்பேன்.

ஆகையால் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். வீட்டுப் பரணிலோ பழைய டிரங்குப் பெட்டியிலோ இப்புத்தகங்கள் கிடந்தால், பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போடுமுன், முன்னட்டை, பின்னட்டை, வெளியீட்டு எண் உள்ள பக்கம் ஆகிய மூன்றையும் நல்ல வெளிச்சத்தில் கைப்பேசியிலாவது படம்பிடித்து வையுங்கள். அட்டை தனியே கழன்றிருந்தால் பசை நாடா ஒட்டாதீர்கள். சில வருஷங்களில் அந்த நாடாவே வர்ணத்தைத் தின்றுவிடும். ஓவியரின் கையெழுத்து ஏதேனும் மூலையில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.